மோட்டார் வண்டியின் தாங்கமைப்பும் பழுதுபார்க்கும் செலவும்

மோட்டார் வண்டி ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார்க்கும் பட்டணத்துச் செல்வர்க்கும் மட்டுமே உரிய பொருளாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. 1985 ஆம் ஆண்டில் புரோட்டன் சாகாவும், 1994 இல் பெரோடுவா கஞ்சிலும், 2005 இல் மைவியும் வெளிவந்தபின், மாதச் சம்பளக்காரர் வீட்டு வாசலிலும் ஒரு கார் நிற்கக் காண்கிறோம். பேருந்து எட்டிப் பாராத தோட்டப்புறங்களில் அஃது ஆடம்பரமன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கும், முதியோரை மருத்துவமனைக்கும் கொண்டு சேர்க்கும் இன்றியமையாத கருவி அது.

கார் வாங்கும்போது நம்மவர் பலர் நான்கு செலவுகளை எண்ணிப் பார்க்கின்றனர். அவை மாதத் தவணை, பெட்ரோல், சாலை வரி, காப்புறுதி என்பன. ஐந்தாவது செலவாகிய பழுதுபார்ப்பு அவர்கள் கணக்கில் வருவதில்லை. அதிலும், வண்டியின் அடியில் கண்ணுக்கு மறைந்து கிடக்கும் 'சஸ்பென்ஷன்' என்னும் தாங்கமைப்பு பழுதானால், பட்டறைக்காரர் நீட்டும் சீட்டைக் கண்டு திகைப்போர் மிகப் பலர். 'சத்தம் கேட்கிறதென்று போனேன், ஆயிரம் வெள்ளி கேட்கிறார்' என்னும் முறையீட்டை நாம் கேளாத நாளில்லை. அத்தொகை நியாயமானதா, அன்றா என்று அறுதியிட அவருக்கு வழி தெரிவதில்லை. அறியாமைக்கும் நாம் விலை கொடுக்க நேர்கிறது. ஆகவே, இவ்வமைப்பு யாது, அஃது எவ்வாறு தேய்கிறது, செலவு எங்கிருந்து வருகிறது, எதனை உடனே செய்ய வேண்டும், எதனைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

தூளி கற்பிக்கும் பாடம்

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குக என்பது ஆசிரியர் பயிற்சியில் கற்பிக்கப்படும் முதல் விதி. நம் வீடுகளில் குழந்தையை உறங்கவைக்க, உத்திரத்தில் ஒரு சுருள்வில்லை மாட்டி, அதில் தூளி கட்டுகிறோம். தூளியை ஒருமுறை இழுத்து விட்டால் அது மேலும் கீழுமாக நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். தாய் தன் கையை வைத்தால் ஆட்டம் அடங்கும். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால் தாங்கமைப்பின் பாதி விளங்கிவிட்டது எனலாம். காரிலுள்ள 'ஸ்பிரிங்' தூளியின் சுருள்வில்லைப் போன்றது. 'அப்சார்பர்' என்பது ஆட்டத்தை அடக்கும் தாயின் கையைப் போன்றது.

சுருள்வில் எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கேற்ப நீளும் அல்லது சுருங்கும் என்னும் விதியை 1678 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ராபர்ட் ஹூக் வெளியிட்டார். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது உண்டாகும் ஆற்றலை வில் தன்னிடத்தே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் வாங்கியதை அது திருப்பிக் கொடுத்தே தீரும். அப்படித் திருப்பிக் கொடுப்பதனால்தான் வண்டி குதிக்கிறது. அப்சார்பரோ வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை. அதனுள்ளே எண்ணெய் நிரம்பிய குழாய் ஒன்றும், அதில் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒன்றும் உள்ளன. பிஸ்டனில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் இயக்கம் தடைப்படுகிறது, ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடுகிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தொலைவு ஓடிய வண்டியின் அப்சார்பர் சூடாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

நிற்க. வண்டியின் பாரத்தைத் தாங்குவது வில்தானேயன்றி அப்சார்பர் அன்று. அப்சார்பர் செத்துப்போனாலும் வண்டி ஓடும். ஓடுகிறதே என்று பலர் விட்டுவிடுகின்றனர். ஆனால் அதன் உண்மையான வேலை, சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைப்பது. சக்கரம் தரையை விட்டு எழும்பும் கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேளாது. மழை நனைத்த வளைவில் அந்த ஒரு கணம் போதும். ஆகவே தாங்கமைப்பை உட்கார்ந்து போகும் சுகத்திற்கென மட்டும் அமைந்ததாகக் கருதுவது தவறு. பயணம் செய்வோரின் உயிர்க்காப்பும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

அடியில் உள்ள உறுப்புகள்

1950களில் மலாயாச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர் வண்டியில் முன்புறம் முறுக்குத் தண்டும், பின்புறம் பட்டைவில்லும் இருந்தன. அக்காலத்தில், 1950 ஆம் ஆண்டு இறுதியில், இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் வண்டியில் புதியதோர் அமைப்பு இருந்தது. ஏர்ல் மக்பர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த அவ்வமைப்பில், சுருள்வில்லும் அப்சார்பரும் ஒரே தண்டில் இணைந்து நின்றன. உறுப்புகள் குறைவு, இடம் குறைவு, செலவும் குறைவு. ஆதலின் இன்று உலகின் சிறு கார்களிற் பெரும்பாலானவை முன்சக்கரங்களுக்கு அம்முறையையே கைக்கொள்கின்றன. நம் மைவியும் அதற்கு விலக்கன்று.

இவ்வமைப்பில் நாம் பெயரறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய உறுப்புகள் சில. சக்கரத்தை உடலோடு பிணைத்து மேலும் கீழும் அசையவிடும் இரும்புக் கை 'லோவர் ஆம்' எனப்படும். அக்கையின் ஒரு முனையில், நம் தோள்மூட்டைப் போலப் பல திசையிலும் திரும்பக்கூடிய 'பால் ஜாயிண்ட்' உள்ளது. மறுமுனையில் இரும்பும் இரும்பும் உரசாதபடி இடையே நிற்கும் ரப்பர் வளையம் 'புஷ்' எனப்படும். தண்டின் உச்சியை உடலோடு இணைக்கும் ரப்பர்ப் பகுதி 'மவுண்டிங்' ஆகும். வளைவில் வண்டி ஒருபுறம் சாயாமல் தடுக்கும் கம்பியை இணைப்பது 'ஸ்டெபிலைசர் லிங்க்'. ஸ்டியரிங் செலுத்தும் திசையைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது 'டை ராட்'. இதன் முனை கணக்கின்படி ஸ்டியரிங்கைச் சேர்ந்ததாயினும், பட்டறைச் சீட்டில் இவற்றோடுதான் வரும்.

பால் மரமும் புஷ்ஷும்

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்கு ரப்பர் விதைகளைக் கொண்டுசென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றின் வழிவந்த மரங்களில் நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து பால் வெட்டினர். அம்மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர், ஓயாத அசைவைப் பல்லாண்டு தாங்கவல்லது. எத்தனையோ செயற்கை ரப்பர் வகைகள் வந்துவிட்ட பின்னும், புஷ், மவுண்டிங் போன்ற அசைவு தாங்கும் உறுப்புகளுக்கு இயற்கை ரப்பரை இன்றும் விரும்பி எடுப்பதற்கு இக்குணமே காரணம்.

ஆயினும் அதற்கு ஒரு பகை உண்டு. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, மென்மையாகி, வலுவிழக்கும். 'கிரீச்' என்னும் சத்தம் போகட்டும் என்று புஷ்ஷின்மேல் பழைய என்ஜின் எண்ணெயோ டீசலோ பூசுவோர் உளர். சத்தம் அன்றே நின்றுவிடும், புஷ்ஷும் விரைவில் முடிந்துவிடும். அவ்வாறே, என்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகுவதைக் கவனியாது விட்டால், அவ்வொழுக்கு புஷ்ஷையும் தின்றுவிடும். ஒரு பழுது மற்றொரு பழுதைப் பெறுகிறது.

செலவு எங்கிருந்து வருகிறது?

பட்டறைச் சீட்டைப் பகுத்துப் பார்த்தால் அதில் நான்கு கூறுகள் இருக்கும். முதலாவது உதிரிப் பொருளின் விலை. இரண்டாவது போமன் கூலி. மூன்றாவது, ஒன்றைக் கழற்றும்போது கூடவே மாற்ற வேண்டிய சிறு உறுப்புகள். நான்காவது, இறுதியிற் செய்யும் சக்கர நேர்ப்பாடு, அதாவது 'அலைன்மெண்ட்'.

உதிரிப் பொருள்களில் பல தரம் உண்டு. வண்டி உற்பத்தியாளரின் பெயர் தாங்கிவரும் அசல், பெயர் பெற்ற பிற உற்பத்தியாளர் செய்யும் மாற்றுப் பொருள், பெயரே கேள்விப்படாத மலிவுப் பொருள், வெளிநாட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய 'ஹாஃப் கட்' பொருள், பழையதைத் திறந்து எண்ணெய் மாற்றி அடைத்த 'ரீக்கோன்' அப்சார்பர் என அவை பலதிறப்படும். பெயர் பெற்ற மாற்றுப் பொருள் பெரும்பாலும் நல்ல தேர்வே. பழைய அப்சார்பரை மீண்டும் நிரப்பியதில் ஓர் இடர் உண்டு. உள்ளே தேய்ந்த பிஸ்டனும் தடைத்துளைகளும் எண்ணெய் மாற்றியதால் மட்டும் புதியனவாகிவிடா. விலை பாதி என்று வாங்கி, சில மாதங்களில் மீண்டும் கூலி கொடுத்து மாற்றுவோனுக்கு அது மலிவன்று.

கூலியைப் பற்றி ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். மக்பர்சன் தண்டில் அப்சார்பரை மாற்ற வேண்டுமானால், தண்டு முழுவதையும் கழற்றி, சுருள்வில்லைத் தனிக்கருவியால் இறுக்கிப் பிடித்து, அதன்பின் பிரிக்க வேண்டும். இறுக்கிய வில்லுக்குள் அடங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லவல்லது. கருவியும் பயிற்சியும் இல்லாதார் இதனை வீட்டில் முயலுதல் கூடவே கூடாது. இங்கே சிக்கன வழி ஒன்றும் உண்டு. அப்சார்பர், மவுண்டிங், தூசிமறைப்பு ஆகிய யாவும் ஒரே தண்டில் இருப்பதால், தண்டைக் கழற்றும் கூலி ஒருமுறை கொடுத்தாற் போதும். அப்சார்பரை இன்று மாற்றி, தேய்ந்த மவுண்டிங்கை அடுத்த ஆண்டு மாற்றினால் ஒரே கூலியை இருமுறை கொடுத்தவராவோம். 'இதையும் சேர்த்து மாற்றுங்கள்' என்று போமன் சொல்வதெல்லாம் ஏமாற்று என்று எண்ணிவிடலாகாது. 'இதற்குத் தனிக் கூலி உண்டா?' என்று கேட்டால் உண்மை விளங்கிவிடும்.

அப்சார்பரை ஓர் அச்சின் இருபுறமும் ஒருசேர மாற்றுவதே முறை. ஒருபுறம் புதியது, மறுபுறம் பழையது என்றிருந்தால் வண்டி இருபுறமும் ஒத்து நடவாது. ஆனால் முன்னிரண்டு பழுதாயின என்பதற்காகப் பின்னிரண்டையும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அவற்றைப் பரிசோதித்தபின் முடிவு செய்யலாம்.

தாமதத்தின் விலை

இனி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும் ஆதலின், கீழ்வருவன கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்ட எண்களே.

முன்சக்கர லோவர் ஆமில் புஷ் தேய்ந்திருக்கிறது. இருபுறத்துப் புஷ்ஷும் 40 வெள்ளி, அழுத்திப் பொருத்தும் கூலி 80 வெள்ளி, அலைன்மெண்ட் 40 வெள்ளி. ஆக 160 வெள்ளி. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று ஓராண்டு தள்ளிப்போடுகிறோம். புஷ் தேய்ந்த கை தன் இடத்தில் நில்லாது அசைகிறது. சக்கரம் கோணலாகி, டயரின் உட்புறம் மட்டும் மொட்டையாகிறது. கையின் மறுமுனையிலுள்ள பால் ஜாயிண்டும் ஆட்டம் காண்கிறது. இப்போது டயர் இரண்டு 360 வெள்ளி, லோவர் ஆம் இரண்டு 240 வெள்ளி, கூலி 120 வெள்ளி, அலைன்மெண்ட் 40 வெள்ளி. ஆக 760 வெள்ளி. முதற்செலவைப் போல் நாலே முக்கால் மடங்கு! 160 வெள்ளி கையில் இல்லாமையாற்றான் தள்ளிப்போட்டார் அக்குடும்பத் தலைவர். இல்லாதவனிடமே அதிகம் வாங்கும் கொடுமை இதில் இருக்கிறது.

இதற்கு மாற்று, முன்கூட்டியே எடுத்துவைப்பதுதான். நான்கு அப்சார்பரும் கூலியோடு 800 வெள்ளி ஆகும் என்றும், அவை நல்ல சாலையில் 80,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஒரு காசு ஆகிறது. செம்மண் பாதையில் அவை பாதிக் காலமே, அதாவது 40,000 கிலோமீட்டரே, உழைத்தால் இரண்டு காசாகும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மாதம் 10 முதல் 20 வெள்ளி வரை ஒதுக்கினால் போதும். சீட்டுக்குப் பணம் கட்டுவது போல் இதனையும் கட்டிவருவோர் பட்டறைச் சீட்டைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

எது முதலில், எது பின்னர்?

கையிலுள்ள பணம் எல்லாவற்றிற்கும் போதாதபோது, வரிசைப்படுத்தத் தெரிதல் வேண்டும். ஆடுகின்ற பால் ஜாயிண்டும், ஆடுகின்ற டை ராட் முனையும் முதலிடம் பெறுவன. பால் ஜாயிண்டு கழன்றுவிட்டால் சக்கரம் மடங்கி விழும். டை ராட் கழன்றால் ஸ்டியரிங் பயனற்றுப்போகும். இவற்றிற்குத் தவணை சொல்ல இடமில்லை. முறிந்த சுருள்வில்லும் இவ்வகையைச் சேர்ந்ததே, அதன் முனை டயரைக் கிழித்துவிடக்கூடும்.

எண்ணெய் ஒழுகி நனைந்த அப்சார்பர் இரண்டாமிடம். அதுவரை வேகத்தைக் குறைத்து, மழையில் மேலும் எச்சரிக்கையோடு ஓட்டிச் சில வாரங்களுக்குள் மாற்ற வேண்டும். வெடித்த புஷ்ஷும் அவ்வாறே. ஸ்டெபிலைசர் லிங்கின் 'கடகட' ஓசை செவிக்குப் பெரிது. ஆயினும் தேய்மானம் சிறிதாயிருப்பின் அது சற்றுப் பொறுக்கும். பொருளும் விலை குறைந்ததே. ஓசையின் அளவு ஆபத்தின் அளவன்று. பெரிய சத்தத்திற்குச் சிறிய காரணமும், சத்தமே இல்லாத இடத்தில் பெரிய ஆபத்தும் இருக்கலாம்.

அலைன்மெண்ட் எப்போதும் இறுதியில் வரவேண்டும். தேய்ந்த உறுப்பை வைத்துக்கொண்டு சக்கரத்தை நேராக்குவது, ஆடும் காலுள்ள மேசையைத் துடைத்து வைப்பது போன்றது.

வீட்டிற் செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நலம், பன்முறை ஆடினால் அப்சார்பர் தளர்ந்தது. நான்கு டயர்களையும் கையால் தடவிப் பாருங்கள். ஒருபுறம் மட்டும் தேய்ந்திருந்தால் அடியில் ஏதோ கோணல் இருக்கிறது. செலவே இல்லாத மற்றொரு மருந்தும் உண்டு. 1888 இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை ஆக்கியது முதல், சாலை அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது அக்காற்றே. அளவுக்கு மிஞ்சிய காற்றும், அளவிற் குறைந்த காற்றும் தீங்கே. பெட்ரோல் நிலையத்தில் ஐந்து நிமிடம் செலவிட்டால் சரியான அளவில் நிரப்பிக்கொள்ளலாம்.

பழைய பெரிய கார்கள்

இளைஞர் சிலர், புதிய மைவியின் விலைக்குப் பழைய ஐரோப்பியப் பெருங்கார் கிடைக்கிறதே என்று மயங்குகின்றனர். அத்தகைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு சக்கரத்திற்கும் பல கைகள் உண்டு. கை பெருகினால் புஷ் பெருகும், ஜாயிண்டு பெருகும். சிலவற்றில் இரும்பு வில்லுக்குப் பதில் காற்றுப் பையும், காற்றடைக்கும் கருவியும் உள்ளன. காரின் விலை ஆண்டுதோறும் இறங்கும், உதிரிப் பொருளின் விலை அவ்வாறு இறங்குவதில்லை. யானையை வாங்குவது எளிது, கட்டித் தீனி போடுவதன்றோ அரிது?

சாலையை உடைத்தவர் யார்?

தாங்கமைப்பின் செலவுக்கு வண்டி உரிமையாளரை மட்டும் பொறுப்பாக்குவது நீதியாகாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. தனிச் சாலைகள் அமைத்து, அவற்றில் பல பாரமுள்ள லாரிகளை ஓட்டிப் பார்த்தனர். அதிலிருந்து பெற்ற விதியின்படி, சாலைக்கு விளையும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்மடிப் பெருக்கத்திற்கு ஏறக்குறைய ஒத்திருக்கிறது. ஒரு சிறு காரின் அச்சில் அரை டன், செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் அச்சில் 10 டன் என்று கொண்டால், பாரம் 20 மடங்கு. 20 ஐ நான்குமுறை பெருக்கினால் வருவது 160,000. லாரி ஒருமுறை சென்றால் உண்டாகும் சேதத்திற்கு ஈடாக, அச்சிறு கார் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் முறை செல்ல வேண்டும்! பள்ளத்தை உண்டாக்குவது பெரிய வண்டி, அப்பள்ளத்தில் விழுந்து 800 வெள்ளி கொடுப்பது சிறிய வண்டி.

தோட்டத்துச் சாலைகள் தோட்ட நிருவாகத்தின் சொத்தாதலின், அவற்றைச் செப்பனிடும் கடமையும் நிருவாகத்துக்கே உரியது. தனித்தனியே முணுமுணுப்பதைவிட, குடியிருப்போரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் சேர்ந்து, பள்ளம் இருக்கும் இடம், படம், நாள் ஆகியவற்றோடு எழுத்து மூலம் கேட்பது பயன் தரும். பொதுச் சாலைப் பள்ளங்களைத் தெரிவிக்க, பொதுப்பணி அமைச்சு 2023 இல் மைஜாலான் என்னும் கைப்பேசிச் செயலியைத் தொடங்கியது. பிள்ளைகளைக் கொண்டே அதனைப் பயன்படுத்தலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

நல்ல போமன் கேள்விக்கு அஞ்சமாட்டார். வண்டியைத் தூக்கிய நிலையில், எது ஆடுகிறது என்று கையால் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். பொருளின் விலையும் கூலியும் தனித்தனியே எழுதிய மதிப்பீட்டை வேலைக்கு முன்னரே கேளுங்கள். பொருள் எவ்வகைத் தரத்தது, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று வினவுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தரும்படி சொல்லிவையுங்கள். புஷ்ஷை மட்டும் மாற்ற இயலுமா, கை முழுவதையும் மாற்றுவது ஆதாயமா என்றும் கேளுங்கள். சில வண்டிகளில் முன்னது சிக்கனம். சிலவற்றில், அழுத்திப் பொருத்தும் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் பின்னதே சிக்கனம். பணம் கொடுத்ததற்கு இரசீது வாங்காமல் வீடு திரும்பலாகாது.

அந்த இரசீதுக்கு மதிப்பு உண்டு. 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே தொடுக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். செய்யாத வேலைக்குக் கூலியும், மாற்றாத பொருளுக்கு விலையும் கொடுத்துவிட்டு, 'நம் தலையெழுத்து' என்று வாளாவிருக்க வேண்டிய காலம் போய்விட்டது.

வண்டியின் மேற்பூச்சைக் கழுவித் துடைக்க ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் செலவிடும் நாம், மாதம் ஒருமுறை ஒரு கைவிளக்கோடு சக்கரங்களின் உட்புறத்தையும் குனிந்து பார்க்கப் பழகுதல் நன்று. எண்ணெய்க் கசிவு, ரப்பர் வெடிப்பு, டயரின் ஒருபுறத் தேய்மானம் என்னும் மூன்றையும் கண்டறியப் பள்ளிப் பிள்ளையின் கண்ணே போதும். அப்பிள்ளையையே உடனழைத்துக் காட்டுங்கள். நாளை அவனோ அவளோ பட்டறை வாசலில் நிற்கும்போது, கேட்ட தொகையைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருக்கும்.